ஒன்பதாம் பெட்டியின் வெள்ளை முட்டைகள்

வெல்டா கிரிம்ஸ் இறந்து இந்த மார்ச்சோடு இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் நீலக்குருவிச் சங்கத்தின் செய்திமடலில் அவளைப் பற்றி நாலு வரி வந்தது. பள்ளிக்கூடச் சமையற்காரி, இருபத்தாறு குருவிக் கூட்டுப்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டவர், ரொட்டிக்குப் பெயர் போனவர் என்று. அந்த நாலு வரியை எழுதியவன் நான். எழுத வேண்டியதை எழுதாமல் விட்டவனும் நான்தான். இப்போது அதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, இருக்கட்டும்.

எழுபத்தேழிலும் எழுபத்தெட்டிலும் அடுத்தடுத்து வந்த இரண்டு குளிர்காலங்கள் தெற்கு ஓஹியோவைப் புரட்டிப் போட்டன. குழாய்கள் வெடித்தன, கிழட்டு மாடுகள் செத்தன. பனி உருகிய பிறகு பார்த்தால் வேலிகளில் நீலக்குருவி இல்லை. குளிரை மட்டும் குறை சொல்லக்கூடாது. பொந்து விழுந்த ஆப்பிள் மரங்களை வெட்டியது நாங்கள். மர வேலிக்கால்களைப் பிடுங்கி இரும்புக்கால் நட்டதும் நாங்கள். மிச்சமிருந்த பொந்துகளைச் சிட்டுக்குருவிகள் பிடித்துக்கொண்டன. பாவப்பட்ட பறவை எங்கே போய் முட்டையிடும்? அந்த வருடம்தான் தீவன மில்லில் எடை போட்டுக்கொண்டிருந்த நான், தேவதாருப் பலகை வாங்கி, ஒன்றரை அங்குல ஓட்டை போட்டு, பெட்டிகள் அடித்து வேலி வேலியாக மாட்ட ஆரம்பித்தேன். மற்றவர்களும் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு ரோடு. வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்து, அட்டையில் எழுதி எனக்குத் தபாலில் போட வேண்டும். தலைவர் என்று யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. நானே ஆகிக்கொண்டேன்.

எழுபத்தொன்பதில் வெல்டா எங்களிடம் வந்தது சண்டையோடு. அவள் புருஷன் லெஸ்டர், கல்குவாரி லாரி ஓட்டியவன், நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்த வருடம் அது. மேட்டு மயானத்தில் அவனைப் புதைத்த மறுவாரம் மில்லுக்குள் நுழைந்து, தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே என் முன்னால் வந்து நின்றாள்.

"எம்மெட், மயானத்து வேலில ஒரு பெட்டி மாட்டியிருக்கியே, அதுல சிட்டுக்குருவி குடும்பம் நடத்துது. தெரியுமா உனக்கு?"

"நேரமில்ல வெல்டா. நாப்பது பெட்டி இருக்கு."

"நேரமில்லாதவன் எதுக்கு மாட்டுன? லெஸ்டர் தலைமாட்டுல நாள் பூரா கிரீச்சு கிரீச்சுன்னு கத்துதுங்க. அந்த ஆளு உயிரோட இருந்தப்பவே சத்தம் புடிக்காது."

அன்றைக்கே மயான ரோட்டை அவளிடம் கொடுத்துவிட்டேன். தொல்லை விட்டது என்று நினைத்தேன். அடுத்த எட்டு வருடத்தில் எங்களிடம் இருந்த ஆட்களிலேயே அவளைப் போல் யாரும் வேலை செய்யவில்லை.

புகையிலைக் குத்தகைக்காரர் வீட்டில் ஒன்பது பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தவள் வெல்டா. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. நானும் அதே வகுப்பில் இருந்தேன். நான் மேலே படித்தேன், அவள் தம்பி தங்கைகளுக்குச் சோறாக்கப் போனாள். பிறகு அதே பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபத்தேழு வருடம். முந்நூறு பிள்ளைகளின் வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னிக்கு பதினோரு பேர் காய்ச்சல்" என்பாள். ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்தால் பதினோரு பேர்தான் குறைவார்கள். அப்படிப்பட்ட கண்.

பெட்டிக்குப் போனால் முதலில் பக்கப்பலகையில் விரலால் இரண்டு தட்டு தட்டி, "நான்தான்" என்பாள். உள்ளே இருக்கும் தாய் பயந்து முட்டையை மிதித்துவிடக் கூடாதே என்பதற்காக. பள்ளிக்கூடத்துப் பழைய சூப் கரண்டியின் காம்பில் லாரிக் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கட்டி வைத்திருந்தாள். அதை உள்ளே நீட்டி முட்டை எண்ணுவாள். அவள் அனுப்பும் அட்டைகளில் ஈஸ்ட் மணம் இருக்கும். கொட்டை கொட்டையான எழுத்து. ஆனால் எண்ணிக்கை ஒருநாளும் பிசகியதில்லை.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்காக ஒரு தாள் அச்சடித்து வைத்திருந்தேன். எந்த முட்டை யாருடையது என்று சொல்லும் தாள். நீலம் என்றால் நீலக்குருவி. புள்ளி விழுந்திருந்தால் சிட்டுக்குருவி. வெள்ளை என்றால் தகைவிலான், அதுவும் அதே பெட்டிக்கு வரும் பறவைதான். எங்கள் பகுதியில் எண்பது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவுகளில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. அடியில் என் பெயர்.

எண்பத்தாறு ஜூனில் வெல்டாவின் அட்டை வந்தது. 'ஒன்பதாம் பெட்டி. நீலக்குருவி. முட்டை ஐந்து. வெள்ளை நிறம். கூட்டில் இறகு இல்லை.' நான் 'நீலக்குருவி'யை அடித்துவிட்டுச் சிவப்புப் பென்சிலால் 'தகைவிலான்' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அடுத்த வாரம் வந்தது: 'நீலக்குருவிதான். அடை காப்பதைப் பார்த்தேன்.' அதையும் அடித்தேன். பிறகு, 'குஞ்சு ஐந்து. பறந்துவிட்டன.' ஐந்தையும் தகைவிலான் பட்டியலில் சேர்த்தேன்.

தகைவிலான் தன் கூட்டில் இறகு பரப்பும், நீலக்குருவி வெறும் புல்லோடு விட்டுவிடும். எனக்குத் தெரியாததா? இறகு இல்லை என்று அவள் வேலை மெனக்கெட்டு எழுதியதே அதற்காகத்தான். சிறு வயதிலிருந்து கோழி உரித்த கை அது. இறகு இருந்தால் அவள் கண்ணுக்குத் தப்புமா? நான் அந்த வரியைப் படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள்தானே என்ற நினைப்பு எனக்கு. வேறு காரணம் எதுவும் இல்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரார்த்தனை முடிந்ததும் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடுவோம். அப்போது நான் எழுந்து அந்த வருடத்து எண்ணிக்கையை வாசிப்பேன். வெல்டாவின் ரொட்டிக்கூடை வந்த பத்தாவது நிமிடம் காலியாகிவிடும். அன்று அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றுகொண்டேதான் சொன்னேன்.

"நம்ம வெல்டா ரோட்டுல மட்டும் நீலக்குருவி வெள்ளை முட்டை போடுதாம். ஸ்கூல் பால்ல முக்கி எடுத்துட்டா போல."

கூடம் சிரித்தது. பால்பண்ணைக்காரன் ராய்ஸ், எங்கள் கூட்டத்து வாயாடி, "இல்லப்பா, மாவுக் கையோட தொட்டிருப்பா" என்றான். இன்னும் சிரிப்பு.

"என் கண்ணால பாத்தேன் எம்மெட்" என்றாள் வெல்டா.

"அந்த மூக்குக் கண்ணாடிய மாத்து வெல்டா. லெஸ்டர் இருந்தப்ப வாங்குனதுதானே அது?"

நாக்கில் நரம்பில்லாமல் பேசுவது என்றால் இதுதான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு, "போன மாசந்தான் மாத்துனேன்" என்றாள். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது.

ராய்ஸ் நாட்டாமை செய்தான். "எதுக்கு சண்டை? வர்ற வருஷம் நீயே போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு எம்மெட். நீ சொன்னா சரி."

"பாக்குறேன்" என்றேன்.

எண்பத்தேழு மே மாதம், ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். வெல்டா பள்ளிக்கூடச் சமையலில் இருக்கும் நேரம் என்று பார்த்துத்தான் போனேன். ஒன்பதாம் பெட்டி மயான வேலியில் இருக்கிறது. தட்டவில்லை, கொள்ளவில்லை, பலகையைத் திறந்தேன். என் மணிக்கட்டை உரசிக்கொண்டு ஒரு பறவை வெளியே பறந்து வேலிக் கம்பியில் உட்கார்ந்தது. சாம்பல் முதுகு, வாலில் நீலம், செம்பழுப்பு மார்பு. கூட்டில் புல் மட்டும். ஒரு இறகுகூட இல்லை. நடுவில் ஐந்து வெள்ளை முட்டைகள். விரலை வைத்தேன், சுட்டது.

தொப்பியைக் கழற்றினேன். எதற்கு என்று தெரியவில்லை, கை தானாகப் போனது. எண்ணாயிரம் முட்டையாவது பார்த்திருப்பேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அழகாக இருந்தது. அந்த அழகு அரை நிமிடம்தான் நிலைத்தது. அடுத்து நான் செய்த காரியம், ரோட்டை இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தது. யாரும் இல்லை. பெட்டியை மூடிவிட்டு வண்டி ஏறினேன்.

அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் அக்டோபரில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எண்பது கதவுகளில் என் பெயரோடு ஒட்டியிருக்கும் தாள் கண்ணில் வந்து நின்றது. ஒரு சமையற்காரி சொன்னதைக் கேட்டு அதைத் திருத்துவதா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். நான் நாலாவது காலைக் கையால் தொட்டுப் பார்த்தவன்.

அக்டோபர் வந்தது. நான் வாசித்து முடித்ததும் ராய்ஸ் மறக்காமல் கேட்டான். "என்னப்பா எம்மெட், வெல்டா முட்டை என்னாச்சு?"

அறுபது தலைகள் திரும்பின. வெல்டா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முகம் தெளிவாக இருந்தது, கொஞ்சம் சிரிப்புகூட இருந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு அன்று விளங்கவில்லை.

"போய்ப் பாத்தேன். தகைவிலான்தான்" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். கூடம் சிரித்தது, பக்கத்தில் இருந்தவர் யாரோ வெல்டாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவள் எழுந்து ரொட்டிக்கூடையைத் துணியால் மூடினாள். அதில் இன்னும் பாதி ரொட்டி இருந்தது. கண்ணாடி கட்டிய கரண்டியைப் பையிலிருந்து எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ரோட்ட வேற யாருக்காவது குடு" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

வேறு யாரும் எடுக்கவில்லை. மறு வசந்தத்தில் அந்த இருபத்தாறு பெட்டிகளையும் நானே பார்த்தேன். ஒன்பதாம் பெட்டியைத் திறந்தேன். உள்ளே நீல முட்டைகள், அடை காத்தது வேறு பறவை. அந்த வெள்ளை முட்டைக்காரி குளிரில் செத்தாளோ, பருந்து தூக்கியதோ, அப்புறம் எந்தப் பெட்டியிலும் வரவில்லை. அதைப் பார்த்ததும் என் மனதில் முதலில் வந்தது நிம்மதி. இனி யாராலும் நிரூபிக்க முடியாது என்ற நிம்மதி. இதை எழுதத்தான் கை கூசுகிறது. என்னைப் பற்றி எனக்கே அருவருப்பு வந்தது அந்த வேலியோரத்தில்தான். எண்ணுகிறவன் என்று பெயர் வாங்கிய நான், ஒரு பறவை இல்லாமல் போனதற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டு நின்றேன்.

கோடை முழுவதும் சோறு இறங்கவில்லை. என் மனைவி ஓப்பல் ஒருநாள் தட்டை இழுத்துக்கொண்டாள்.

"அளைஞ்சது போதும். யார ஏமாத்துன?"

சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "இத என்கிட்ட எதுக்கு சொல்ற? நான் என்ன வெல்டாவா?" என்றாள்.

ஆகஸ்டில் வெல்டா வீட்டுக்குப் போனேன். சமையலறையில் தக்காளியைக் கொதிக்கவைத்துப் பாட்டில்களில் நிரப்பிக்கொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடியெல்லாம் ஆவி.

"உக்காரு. அடுப்புல இருக்கு, நடுவுல விட முடியாது" என்றாள், திரும்பாமல்.

"வெல்டா, அன்னிக்கு நான் பாத்தது..."

"நீலக்குருவி."

"ஆமா."

"தொப்பியக் கழட்டுன. அப்புறம் ரோட்ட ரெண்டு பக்கமும் பாத்த. மயானத்துப் பக்கம் பாக்கல."

"நீ அங்க இருந்தியா?"

"ஸ்கூல்ல பாய்லர் கெட்டுப்போச்சு, பிள்ளைங்கள வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. லெஸ்டர் கல்லுக்குப் பின்னால களை புடுங்கிக்கிட்டு இருந்தேன். உன்னக் கூப்பிடலாம்னுதான் எந்திரிச்சேன். நீ தொப்பியக் கழட்டவும், சரி, அவன் வாயாலயே சொல்லட்டும்னு உக்காந்துட்டேன்." பாட்டில் மூடியைத் திருகி இறுக்கினாள். "அஞ்சு மாசம் யார்கிட்டயும் மூச்சு விடல. அக்டோபர்ல நீ எந்திரிச்சப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா. ரொட்டி ரெண்டு மடங்கு போட்டுக்கொண்டு வந்திருந்தேன்."

நான் தெரியாமல் தவறு செய்தவன் என்று அவள் எண்ணிக்கொண்டிருப்பாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பொய் சொல்கிறேன் என்று தெரிந்தே, அறுபது பேருக்கு முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் கூடையை மூடிக்கொண்டு போயிருக்கிறாள். அழுதுவிட்டேன். அவள் ஒரு துண்டைத் தூக்கிப் போட்டாள், தக்காளி துடைத்த துண்டு.

"நான் என்ன பண்ணணும்?"

"அத என்கிட்டயா கேக்குற? எங்க சொன்னியோ அங்க சொல்லு."

"நீ வருவியா?"

"நீ சொல்றியா இல்லையான்னு பாக்குறதுக்கு நான் ஏன் வந்து உக்காரணும்? போ எம்மெட், ஆவி கண்ணுல படுது."

எண்பத்தெட்டு அக்டோபர். எண்ணிக்கையை வாசிக்கும் முன் எழுந்து நின்றேன். "வெல்டா ரோட்டுல நீலக்குருவி வெள்ளை முட்டை போட்டுச்சு" என்றேன். கூடம் ஓவென்று சிரித்தது. பழைய ஜோக்கை மறுபடி எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். என்மேல் அவர்களுக்கு இருந்த பழக்கம் அது. சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு மறுபடி சொன்னேன். போன வருடம் மே மாதம் என் கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். பார்த்துவிட்டுப் பொய் சொன்னதைச் சொன்னேன். அதற்கு முன் கண்ணாடியைப் பற்றிப் பேசியது ஈனத்தனம் என்பதையும் சொன்னேன். வெள்ளை முட்டையை வைத்து மட்டும் யாரும் முடிவு கட்டக் கூடாது, கூட்டைப் பார்க்க வேண்டும், உட்காரும் பறவையைப் பார்க்க வேண்டும், என் தாள் தப்பு, கிழித்துப் போடுங்கள் என்றேன்.

பிறகு ராய்ஸ் கைதட்டினான். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தட்டினார்கள். வரிசையில் வந்து கை குலுக்கினார்கள். "ஒத்துக்கறதுக்கு தைரியம் வேணும்பா" என்றான் ராய்ஸ். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு" என்றாள். "வெல்டாகிட்டயும் சொல்லிருங்க, அவங்களுக்குத் தெரிஞ்சா சந்தோஷப்படுவாங்க" என்றார் ஒருவர். அவளுக்கே தெரியாத செய்தி போல. நிலம் பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது. சென்ற வருடம் பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்தபோதுகூட அவ்வளவு கூசவில்லை.

அன்று மதியமே கரண்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று நடந்ததைச் சொன்னேன். அவள் வலைக்கதவுக்கு உள்ளேயே நின்று கேட்டாள்.

"கை குலுக்குனாங்களா?"

"ம்."

"நம்புனாங்களா?"

"எல்லாரும் நம்புனாங்க வெல்டா. ஒருத்தர் பாக்கியில்ல."

"நான் சொன்னப்ப சிரிச்சாங்க. நீ இல்லன்ன, ஆமான்னாங்க. இப்ப நீ ஆமான்ன, அதுக்கும் ஆமான்னுட்டாங்க." கதவைத் திறந்து கரண்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள். "நான் சொன்னத இன்னும் ஒருத்தரும் நம்பல எம்மெட்."

ரோட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வாயா என்று கேட்டேன்.

"குருவி என்ன பாவம் பண்ணுச்சு? பெட்டியப் பாத்துக்கறேன். ஆனா அட்டை அனுப்ப மாட்டேன். உன் பென்சிலுக்கு என் எழுத்து இனிமே கிடைக்காது."

சொன்னபடியே செய்தாள். பதினோரு வருடம், சனிக்கிழமை தவறாமல், இருபத்தாறு பெட்டிகள். அந்த ரோட்டில் போகிறவர்கள் வேலியெல்லாம் நீலமாக இருக்கிறது என்பார்கள். எத்தனை என்று கேட்டால், நிறைய என்பாள், சிரிப்பாள். ஒரு அட்டைகூட எனக்கு வரவில்லை. எங்கள் சங்கத்திலேயே மிக நல்ல ரோடு பதினோரு வருடம் எந்தக் கணக்கிலும் இல்லை. ஒவ்வொரு அக்டோபரிலும் நான் எழுந்து நின்று, மற்றவர்களின் எண்களுக்கு நடுவே, 'வெல்டா கிரிம்ஸ், இருபத்தாறு பெட்டி, எண்ணிக்கை தெரியாது' என்று வாசித்தேன். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஏன் தெரியாது என்று கூடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.